தோற்பதற்குக் கிடைக்கும் பணம்

டென்னிஸ் ஆட்டத்தின் அமைப்பே சூதாட்டக்காரர்களுக்கு வசதியாக இருக்கிறது. ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் இசைந்தால் போதும். எதிரே ஆடுபவருக்குக்கூடத் தெரியாமல் முடிவை மாற்றிவிடலாம். பாயிண்ட், கேம், செட் என ஆட்டம் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொரு துண்டின் மீதும் பந்தயம் கட்டலாம். அதனால் விலைபோன வீரர் ஆட்டத்தில் தோற்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. முதல் செட்டை விட்டுக்கொடுத்துவிட்டு அடுத்த இரண்டையும் வெல்லலாம். சொல்லிவைத்த ஒரு கேமில் சர்வை இழந்தாலே பேசிய பணம் கைக்கு வந்துவிடும்.

இத்தகைய மோசடியைக் களத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது. வேண்டுமென்றே செய்த டபுள் ஃபால்ட்டும் பதற்றத்தில் விளைந்த டபுள் ஃபால்ட்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஆகவே விசாரணையாளர்கள் முதலில் பார்ப்பது பந்தயச் சந்தையை. தரவரிசை, அண்மைய ஆட்டங்கள், தரையின் தன்மை, காயம் பற்றிய செய்தி ஆகியவற்றால் விளக்க முடியாதபடி ஒரு பக்கம் பணம் குவிந்தால் எச்சரிக்கை பிறக்கிறது. அதுவும் சந்தேகம்தானே தவிர, சாட்சியம் ஆகாது.

2007 ஆகஸ்டில் போலந்தின் சோபோட் நகரில் நடந்த ஆட்டம் இதற்குச் சான்று. உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான நிகோலாய் டேவிடென்கோ, தரவரிசையில் வெகுவாகப் பின்தங்கியிருந்த மார்ட்டின் வசாலோ அர்குவெல்லோவுக்கு எதிராக முதல் செட்டை வென்றார். ஆனாலும் பணம் எதிராளி மீதே பாய்ந்தது. மூன்றாவது செட்டில் கால் காயத்தால் டேவிடென்கோ விலகினார். பந்தய நிறுவனமான பெட்ஃபேர் அந்த ஆட்டத்தின் எல்லாப் பந்தயங்களையும் ரத்து செய்தது. ஓராண்டுக்கும் மேல் நீண்ட விசாரணை, 2008-இல் இருவர் மீதும் தவறில்லை என்று முடிந்தது. அந்த ஆண்டே டென்னிஸ் நேர்மைப் பிரிவு தொடங்கப்பட்டது. 2021 முதல் அப்பணியை சர்வதேச டென்னிஸ் நேர்மை முகமை செய்துவருகிறது.

குற்றத்தை நிரூபிப்பவை பெரும்பாலும் கைபேசிச் செய்திகளும் பணப் பரிமாற்றச் சீட்டுகளும்தான். எனவே கைபேசியை ஒப்படைக்க மறுப்பதும், யாரேனும் பேரம் பேச அணுகியதை மறைப்பதும் விதிப்படி குற்றங்கள். 2011-இல் ஆஸ்திரிய வீரர் டேனியல் கோலரருக்கு, ஆட்ட மோசடிக்கான முதல் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. பெல்ஜியத்தில் இருந்தபடி 180-க்கும் மேற்பட்ட வீரர்களை வளைத்துப்போட்ட கிரிகோர் சர்க்சியானுக்கு 2023-இல் அந்நாட்டு நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. நடுவர்களும் சிக்கியிருக்கிறார்கள்: கையிலுள்ள கருவியில் ஸ்கோரைப் பதிவதைச் சில நொடிகள் தாமதித்தாலே, பாயிண்ட்டின் முடிவு தெரிந்தவர் அதன் மீது பந்தயம் கட்டிவிடலாம்.

வலையில் விழுபவர்களில் பெரும்பாலோர் விம்பிள்டன் நட்சத்திரங்கள் அல்லர். கடைநிலைப் போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வெல்பவருக்கு ஏறத்தாழ 2,000 டாலர். முதல் சுற்றில் தோற்பவருக்கு 200 டாலர்கூடக் கிடைக்காது. விமானக் கட்டணம், தங்கும் அறை, பயிற்சியாளர் செலவு அவரவர் பொறுப்பு. டென்னிஸில் நேர்மை குறித்து ஆராய்ந்த, ஆடம் லூயிஸ் தலைமையிலான சுயேச்சைக் குழு 2018-இல் அளித்த அறிக்கையின்படி, செலவை ஈடுகட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவர்கள் 250 முதல் 350 பேர்தான். பல்லாயிரம் பேர் ஆடும் தொழில் இது. இந்தக் கடைநிலை ஆட்டங்களின் நேரடி ஸ்கோரைத்தான் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் ஸ்போர்ட்ரேடார் என்ற விளையாட்டுத் தரவு நிறுவனத்துக்கு விற்றது. அதனால் பார்வையாளரே இல்லாத ஆட்டத்தின் மீதும் உலகெங்கும் பந்தயம் கட்ட வழி பிறந்தது. அந்த விற்பனையை நிறுத்த வேண்டும் என்பது குழுவின் முக்கியப் பரிந்துரை.

ஆண்கள் பிரிவில் 2024-இல் தொடங்கிய குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் நல்ல முயற்சிதான். ஆனால் அது தரவரிசையின் முதல் 250 இடங்களோடு நின்றுவிடுகிறது. ஆபத்து தொடங்குவதோ அதற்குக் கீழே.

விலைபோன வீரருக்குத் தண்டனை வேண்டும். எதிரே நேர்மையாக ஆடுபவருக்குச் செய்ய வேண்டிய நியாயம் அது. தண்டனை மட்டும் போதாது. ஸ்கோரை விற்றுப் பணம் பார்க்கும் அமைப்புகள், அந்த ஸ்கோரை வியர்வை சிந்தி உருவாக்குபவர் நேர்மையாகப் பிழைக்கவும் வழிசெய்ய வேண்டும். அதுவரை தோற்பதற்குப் பணம் கொடுக்க வருபவருக்கு ஆள் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.