குழாயைக் கழற்றும் முன்

லிந்துலையில் தென்மேற்குப் பருவம் இறங்கிவிட்டால் மேசைமேல் கிடக்கும் காகிதம்கூட நமுத்துப்போகும். அந்த ஈரத்தில், பழைய சோவியத் நியான் பட்டைக் குழாயை ஓட்டும் சர்க்கிட் கோளாறு செய்தால், கை முதலில் குழாயைக் கழற்றத்தான் போகிறது. அந்த வரிசை தவறு. அவ்வகையான ஐஎன்-13 குழாய் அளந்து காட்டுவது மின்னோட்டத்தை. எரியத் தொடங்கியபின் அதன் முனைகளுக்கிடையே வோல்ட் அதிகம் மாறுவதில்லை. மில்லியம்பியர் கூடக்கூட ஒளி கேதோடுக் கம்பியில் இன்னும் கொஞ்சம் இடம் பிடித்து நீள்கிறது. ஆகவே நீளம் பிழையென்றால், குழாய் வழியே எவ்வளவு ஓடுகிறது என்பதே முதல் கேள்வி.

அதை அறியக் குழாய்க்கு ஊட்டும் 140 வோல்ட் சப்ளைப் பக்கம் போகவே வேண்டாம். குழாயை ஓட்டும் ட்ரான்சிஸ்டரின் எமிட்டரில் 470 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், அதில் நிற்கும் ஒவ்வொரு 0.47 வோல்ட்டும் 1 மில்லியம்பியர். உள்ளீட்டைக் கூட்டும்போது இது சீராக ஏறி, பட்டை மட்டும் ஏறாவிட்டால் குழாயையும் அதன் துணைக் கேதோடையும் பார்க்கலாம். துணைக் கேதோடின் கால் 220 கிலோ ஓம் அளவில் தரையோடு சேராவிட்டால் ஒளி அடியிலிருந்து எழாமல் நடுவில் தொற்றி நிற்கும். அளவே ஏறாவிட்டால் ட்ரான்சிஸ்டர், அல்லது பாரம் ஏறியதும் சரியும் சப்ளை. உள்ளீடு பூச்சியமாக இருந்தும் ரெசிஸ்டரில் வோல்ட் தெரிந்தால், 45 வோல்ட் மட்டுமே தாங்கும் பிசி547 போன்ற ஒன்றை யாரோ போட்டிருக்கலாம். அங்கே 300 வோல்ட் தாங்கும் எம்ஜேஇ340 வேண்டும். மலைநாட்டு ஈரத்துக்கே உரிய கோளாறு இன்னொன்று. ரெசிஸ்டரில் பூச்சியம், ஆனால் துணைக் கேதோடின் வழக்கமான சிறு பொட்டைத் தாண்டிப் பட்டை சில மில்லிமீட்டர் நீண்டு நிற்கும். பலகையில் துடைக்காமல் விட்ட பிளக்ஸ் ஈரம் குடித்து, ட்ரான்சிஸ்டரைச் சுற்றிக்கொண்டு தரைக்குக் கள்ள வழி ஒன்றைத் திறந்துவிடுகிறது. ஸ்பிரிட்டால் கழுவி, இளஞ்சூட்டில் உலர்த்தியதும் பட்டை இறங்கினால் வேறு சாட்சி தேவையில்லை.

பல பத்தாண்டு வயதான குழாயை ஏன் முதலில் சந்தேகிக்கக்கூடாது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதில் தீய்ந்துபோக இழை இல்லை. மிகை மின்னோட்டம் கேதோடை அரித்தால் கண்ணாடியில் கருமை படியும். அது கண்ணுக்கே தெரியும். வேறு குழாய் மாற்றிப் பார்ப்பது சுருக்கு வழி என்பார்கள். முதல் குழாயைக் கெடுத்தது அளவு மீறிய ஓட்டமானால், இரண்டாவதும் அதற்கே இரையாகும். கழற்றும்போது கால் கம்பி கண்ணாடிக்குள் நுழையும் இடத்தில் விரிசல் விட்டால் காற்று புகுந்துவிடும், பிறகு செய்ய ஒன்றுமில்லை. இவற்றை இன்று புதிதாகச் செய்வோரும் இல்லை.

பலகையைக் கழுவத் தொடும் முன், சுவிட்சை அணைத்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். சப்ளையின் கப்பாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியே வடியவிட்டு, மீட்டர் பூச்சியம் காட்டியபின் கை வையுங்கள்.