பொலித்தீனைக் கழற்றின கதை

எங்கட ஊரில் ரிவி றிமோட் வாங்கினால் முதல் வேலை அதற்கு ஒரு பொலித்தீன் உறை. புதுச் சைக்கிளின் பாரில் சுற்றி வந்த பிளாஸ்டிக், தானாகக் கிழிந்து விழும்வரை அப்படியே இருக்கும். செற்றிக்கு மேலே ஒரு துணி, அதற்கு மேலே இன்னொரு துணி. இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற ஆக்கள்தான் நாங்களும். ஆனால் சொந்தக் கையால் ஒரு சாமான் செய்து முடித்தபோது, நாங்கள் தேடினதும் பொலித்தீனைத்தான்.

சாமான், ஒரு ஆர்கேட் கொன்றோல் பனல். காசு போட்டு விளையாடுகிற பழைய கேம் பெட்டிகளில் ஜோய்ஸ்ரிக்கும் பட்டன்களும் பூட்டியிருக்கிற முன்பலகை. நாங்கள் மூன்று பேர். கொக்குவில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. அப்படியான பெட்டியை நாங்கள் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஸ்ரீற் பைற்றர் 2 வெளிவந்தது 1991 இல். அந்த வருசம் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, எங்கட பெற்றோர் ஜாம்போத்தல் விளக்கில் படித்த காலம். எங்களுக்கு அந்தக் கேம்கள் கிடைத்தது பழைய லப்ரொப் ஒன்றில், 1997 இல் தொடங்கின ‘மேம்’ என்ற மென்பொருள் வழியாக. அடித்த அடியில் கீபோட்டின் அம்புக்குறிகள் கழன்ற பிறகுதான் பலகையில் செய்வம் என்று இறங்கினோம்.

அலுமாரி செய்கிற இடத்தில் மிஞ்சின எம்டிஎப் துண்டு ஒன்று கிடைத்தது. ஒன்லைனில் எடுப்பித்த பட்டன்களுக்கு 30 மில்லிமீற்றர் துளைகள் போட்டோம். வயர் கொழுவி, யூஎஸ்பியில் இணைத்த அன்றே விடியும்வரை விளையாட்டு. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

எம்டிஎப் என்பது மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்தின பலகை. மேல்முகம் வழவழப்பு. வெட்டின விளிம்பு பாண் மாதிரி, பூசுகிற பெயின்ற் எல்லாத்தையும் குடிக்கும். ஈரம் ஏறினால் ஊதும், ஊதினது பழையபடி சுருங்காது. ஒவ்வொரு பட்டன் துளையும் ஒரு வெட்டு விளிம்புதான் என்பது எங்களுக்கு அப்ப விளங்கவில்லை. மேலுக்கு மட்டும் கறுப்பு எனாமல் இரண்டு கோட் அடித்தோம். கார்த்திகை மழை. அடுத்த நாள் தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டவில்லை. பூட்டியாச்சு.

பக்கத்து வீட்டுத் தம்பி, ஒன்பது வயது, விளையாட வந்தான். “கை கழுவிட்டு வா” என்றோம். கழுவிக்கொண்டு வந்தான். “நகம் படாமல் அடி” என்றோம். மூன்றாம் நாள், “இப்ப ஏலாது தம்பி, பெயின்ற் பழுதாயிடும்” என்று அனுப்பிவிட்டோம். பிறகு அவன் வரவில்லை. எங்களுக்கும் சோதினை நெருங்க, பனலைப் பொலித்தீனால் நாலு சுற்றுச் சுற்றி, சீமெந்து நிலத்தில் சுவரோரம் வைத்தோம்.

ஒரு மாதம் கழித்துப் பிரித்தபோது பொலித்தீன் பெயின்ரோடு ஒட்டியிருந்தது. இழுக்க, தோல் உரிந்தமாதிரி வந்தது. அடிப்பக்கம் பூஞ்சணம். துளைகளைச் சுற்றிப் பலகை ஊதி, இரண்டு பட்டன்கள் இறுகிப் போயிருந்தன.

எங்களில் ஒருத்தன்ரை அம்மா பார்த்துவிட்டு, “எங்கட மிசினும் இப்பிடித்தான்” என்றா. 1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லாரும் வெளிக்கிட்டபோது, தையல் மிசினைப் பொலித்தீனால் சுற்றி அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்களாம். 1996 இல் திரும்பி வந்து பார்த்தால், இரும்புத் தலை அப்படியே இருந்தது. மேசையைக் கறையான் தின்றிருந்தது. அதைச் சொல்லிவிட்டு அவ குசினிக்குள் போய்விட்டா. றிமோட் உறையைப் பார்த்துச் சிரிக்க அதற்குப் பிறகு எங்களுக்கு மனம் வரவில்லை. பொருளைப் பொத்தி வைக்கிற பழக்கம் எங்கேயிருந்து வந்ததென்று தெரியும். ஆனால் பொத்தி வைத்தது எதைக் காப்பாற்றியது என்பதும் எங்களுக்கு முன்னால் ஊதிப்போய்க் கிடந்தது.

தை பிறந்து வெயில் வந்தபிறகு புதிசாய் ஒரு துண்டு எடுத்துத் தொடங்கினோம். முன்விளிம்பை மணிக்கட்டு நோகாதபடி உருட்டித் தேய்த்தோம். 120, 240, 400 என்று சாண்ட்பேப்பர். மேல், கீழ், விளிம்பு, துளைகளின் உள்பக்கம் எல்லாத்துக்கும் சாண்டிங் சீலர். காய்ந்ததும் தேய்த்து இன்னொரு தரம். எனாமலை மெல்லிசாய் மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு முழு நாள். தொட்டால் ஒட்டாதது வேறு, உள்ளுக்கு இறுகினது வேறு. கடைசிக் கோட்டுக்குப் பிறகு மூன்று கிழமை ஒன்றும் செய்யவில்லை. நகத்தால் அழுத்தினால் அடையாளம் விழக்கூடாது, அதுதான் கணக்கு.

அதற்கு மேலே அச்சடித்த படம், படத்துக்கு மேலே 3 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸ். அதைத் துளைக்கும்போது இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, மெதுவாகத் துளைக்கவேணும், அவசரப்பட்டால் வெடிக்கும். பட்டன்களின் நட்டை அடியில் இறுக்க, அதுவே தகட்டையும் பிடித்துக்கொள்ளும். அழுக்கைத் துடைக்கச் சவர்க்காரத் தண்ணி போதும். தின்னர் பட்டால் தகடு மங்கி வெடிப்பு விடும்.

இதுவும் பிளாஸ்டிக் உறைதானே என்று கேட்கலாம். ஓம். ஆனால் றிமோட் உறை கையிலிருந்து சாமானைக் காப்பாற்றப் பார்க்கிறது. இந்தத் தகடு கை வரும் என்று தெரிந்து போட்டது. கரம் போட்டும் அப்படித்தான்: அந்த வழவழப்பு அடிக்கத்தான், பார்க்க அல்ல.

தம்பியை நாங்களே போய்க் கூப்பிட்டோம். கையில் மிக்சர் பையோடு வந்தான். வாசலில் நின்று, “கை கழுவவேணுமோ அண்ணா?” என்று கேட்டான்.

வேண்டாம் என்றோம். இப்ப அந்தத் தகட்டில் எண்ணெய்க் கறையும் நாலைந்து கீறலும் இருக்கு. கீழே பெயின்ற் அப்படியே இருக்கு. எங்களை அவன் இன்னும் வெல்ல விடவில்லை.