காத்து எங்க ஒழுகுது பாஸ்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் நாகஸ்வரம் இல்லாம கோயில் திருவிழா ஏது? ஆனா, நம்ம காலேஜ் பசங்கள்ல அதை வாசிக்கிறவங்களைத் தேடித்தான் பிடிக்கணும். கத்துக்க ஆரம்பிச்சு பாதியில விட்டவங்களைக் கேட்டா, 'மூச்சு பத்தலடா'ம்பாங்க. என் ஃப்ரெண்டும் அதையேதான் சொன்னான். வாங்கிப் பார்த்தா, குறை மூச்சுல இல்ல... சீவாளியில!

சீவாளின்னா, வாயில வெச்சு ஊதுற சின்ன நாணல் துண்டு. மேலே ரெண்டு இதழ், அடியில நூல் கட்டு. கெண்டைங்கிற குட்டி உலோகக் குழாய்ல அதைப் பொருத்தி, கெண்டையைக் குழல்ல செருகணும். மேல்நாட்டு ஓபோவுக்கும் இப்படி ரெட்டை இதழ்தான். அதை வாசிக்கிறவங்க பலர் சீவாளியைத் தாங்களே செஞ்சுக்கிறாங்க. ஒழுகுற தலைவலி அவங்களுக்கும் உண்டு! காத்து பக்கவாட்டுல தப்பிச்சா இதழ் சரியா அதிராது. நீங்க முக்கி முக்கி ஊதுவீங்க. கன்னம் வலிக்கும், சுருதி ஆடும்.

கண்டுபிடிக்கிறது ஈஸி. முதல்ல சீவாளியை நல்லா நனைங்க. காய்ஞ்ச இதழ் ஓரம் சேராது. ஊறினா பாதி ஒழுகல் தானா நின்னுடும். அப்புறம் அடி ஓட்டையை விரலால அடைச்சுட்டு, மெதுவா ஊதுங்க. ஓரத்துல நீர்க்குமிழி வருதா? இதழ் சேரலைன்னு அர்த்தம். நூல் கட்டுல வருதா? பிரிச்சு இறுக்கிக் கட்டணும். இதழ்ல விரிசலா? ஒட்டுப்போட்டு மல்லுக்கட்டாம வேற சீவாளி எடுத்துக்கோங்க. வித்வான்கள் குழல்ல கொத்தா தொங்கவிட்டிருக்காங்களே, அது அழகுக்கு இல்ல... ஸ்பேர் சீவாளி!

சீவாளி சுத்தமா இருந்தும் ஒழுகினா, கெண்டையைப் பாருங்க. லூஸா இருந்தா நூல் சுத்தி இறுக்கணும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. எல்லாத்தையும் சேர்த்து மாத்தினா எது வில்லன்னு தெரியாது.

அப்பவும் பிடிபடலையா? ஜெயங்கொண்டத்துல பஸ் ஏறுங்க. அணைக்கரை தாண்டினா கும்பகோணம். அங்கேயிருந்து மயிலாடுதுறை ரோட்டுல நரசிங்கம்பேட்டை. அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. பக்கத்துலயே திருவாவடுதுறை... ராஜரத்தினம் பிள்ளை ஊர், சீவாளிக்கும் பேர்போனது. ஒழுகுற சீவாளியைக் கையோட எடுத்துட்டுப் போய், செய்யறவங்ககிட்டேயே காட்டிக் கேளுங்க. 'நமக்கு வராது'ன்னு குழலைப் பரண்ல போடுறதை அப்புறம் பார்த்துக்கலாம்!