வீட்டுக்குள் நுழையாத ரயில்

பொம்மை ரயில் என்று சொன்னால் அமெரிக்காவில் சில பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிடும். 'மாடல் ரயில்ரோடிங்' என்றுதான் சொல்லவேண்டும். பொம்மை என்றால் குழந்தை ரெண்டு நாள் விளையாடிவிட்டு மூலையில் போட்டுவிடும். இது வேறு சமாச்சாரம். சம்பளம் வாங்கி, வீட்டுக்கடன் கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, மிச்சப் பணத்தில் தண்டவாளம் வாங்கி, வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையில் வருடக்கணக்காக உட்கார்ந்து மலை, ஆறு, பாலம், ஸ்டேஷன் என்று ஒவ்வொன்றாகச் செய்வது. (தமிழ்நாட்டு வீடுகளில் நிலவறை கிடையாது. மொட்டைமாடியில் வைத்தால் ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது. இந்தப் பைத்தியம் இங்கே பரவாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்!)

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ரயில் ஆசை வருவது பெரும்பாலும் பயணிகள் ரயிலைப் பார்த்துத்தான். ஜன்னல், விளக்கு, கையாட்டும் மனிதர்கள். ஆனால் வீட்டில் ஓடுவது என்னவோ பெரும்பாலும் சரக்கு ரயில்தான். ஏன் என்று கேட்டால் பதில் ரொம்பச் சாதாரணம். பயணிகள் ரயில் வீட்டுக்குள் நுழையாது.

டென்வரில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஆள்தான், ஆனால் இவரைப் போன்றவர்கள் நிறையப் பேர் உண்டு. 1962-ல், எட்டு வயதில், அம்மாவோடு ஒரு ரயிலில் போனார். அந்த ரயிலை நிலவறையில் ஓடவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ரயிலின் பெயர் கலிஃபோர்னியா ஸெஃபிர்.

அந்த ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1949 மார்ச்சில் ஆரம்பித்தது. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் வரை, சுமார் 4,000 கிலோமீட்டர், ரெண்டு ராத்திரி. மூன்று கம்பெனிகள் சேர்ந்து ஓட்டின. டென்வர் வரை பர்லிங்டன், அங்கிருந்து சால்ட் லேக் சிட்டி வரை ரியோ கிராண்டே, அதற்கப்புறம் வெஸ்டர்ன் பசிஃபிக். வேறு பாதையில் இதைவிடச் சீக்கிரம் போய்ச் சேருகிற ரயில்கள் இருந்தன. அவற்றோடு வேகத்தில் போட்டிபோட முடியாது என்பது இவர்களுக்குத் தெரியும். அதனால் தலைகீழாக யோசித்தார்கள். ராக்கி மலைகளையும் கலிஃபோர்னியாவின் ஃபெதர் நதிப் பள்ளத்தாக்கையும் பகல் வெளிச்சத்தில் தாண்டுகிற மாதிரி நேர அட்டவணை போட்டார்கள். பார்ப்பதற்குத் தரமற்ற பாலைவனத்தை ராத்திரியில், எல்லோரும் தூங்கும்போது தாண்டிவிடும். அட்டவணையை இப்படி ரசனையோடு போட்டவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இன்னொரு விஷயம் கூரை. 1944-ல் ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின் பிரிவைச் சேர்ந்த சைரஸ் ஆஸ்போர்ன் என்ற அதிகாரி கொலராடோவின் க்ளென்வுட் பள்ளத்தாக்கில் எஞ்சினுக்குள் உட்கார்ந்து போனார். டிரைவருக்குக் கிடைக்கும் இந்தக் காட்சி காசு கொடுத்த பயணிக்கு ஏன் கிடைக்கவில்லை என்று தோன்றியது. பெட்டியின் கூரையைப் பிளந்து, மேலே கண்ணாடிக் கூண்டு வைத்து, அதற்குள் சீட் போடும் யோசனை அப்படித்தான் வந்தது. 'டோம்' என்று பெயர். ஒரு டோமில் 24 சீட். ஸெஃபிரில் ஐந்து டோம் பெட்டிகள், ஆக 120 பேர் ஒரே நேரத்தில் ரயிலின் கூரைக்கு மேலே உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு போகலாம். ஃபிலடெல்ஃபியாவின் பட் கம்பெனி செய்த பெட்டிகள். துருப்பிடிக்காத எஃகு, பக்கவாட்டில் வரிவரியாக மடிப்பு, பெயிண்ட்டே தேவையில்லை. வெயிலில் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னும். பெட்டிகளின் பெயர்களும் 'சில்வர்' என்றுதான் ஆரம்பிக்கும்.

சரி, இப்போது நிலவறைக்கு வருவோம்.

மாடல் ரயிலில் அதிகம் பேர் பின்பற்றும் அளவு எச்.ஓ. எனப்படுவது. நிஜத்தில் 87 மீட்டர் என்றால் மாதிரியில் ஒரு மீட்டர். இன்னும் சரியாகச் சொன்னால் நிஜத்தின் ஒரு அடிக்கு மாதிரியில் மூன்றரை மில்லிமீட்டர். அமெரிக்கப் பயணிகள் பெட்டி 85 அடி நீளம், சென்னை ஐ.சி.எஃப். பெட்டியைவிட நாலரை மீட்டர் அதிகம். எச்.ஓ.வில் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர், அதாவது பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். பதினொரு பெட்டி, முன்னால் மூன்று எஞ்சின். மொத்தம் முக்கால்வாசி ஹாலை அடைக்கிற ரயில், 3.8 மீட்டர்! நிறுத்திவைக்க ஒரு பிளாட்பாரம் போட்டால் ஒரு சுவர் காலி.

நீளத்தையாவது எப்படியாவது சமாளிக்கலாம். வளைவுதான் ஆளைக் கொல்லும். கடையில் பெட்டியோடு வரும் தண்டவாளத்தின் வளைவு 18 இன்ச் ஆரம், 46 சென்டிமீட்டர். நிஜக் கணக்கில் 40 மீட்டர். எந்த ரயில்வேயும் தன் எக்ஸ்பிரஸை 40 மீட்டர் ஆர வளைவில் விடாது. அதில் 85 அடிப் பெட்டியை ஓட்டினால் பெட்டியின் நடுப்பாகம் உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கை நுழையும். கடைசியில் ஏதோ ஒரு பெட்டி தடம்புரளும். குட்டையான சரக்குப் பெட்டிகளுக்கு இந்த அவஸ்தை குறைவு. அதனால்தான் எல்லோரும் சரக்கு ரயில் பக்கம் போய்விடுகிறார்கள்.

டென்வருக்கு மேற்கே, ரயில் மலையேற ஆரம்பிக்கும் இடத்தில் 'பிக் டென்' என்று ஒரு வளைவு இருக்கிறது. பத்து டிகிரி வளைவு என்பதால் அந்தப் பெயர். மலைக்காற்று அங்கே அப்படி அடிக்கும். ரயிலைக் கவிழ்த்துவிடாமல் இருக்க, பழைய சரக்குப் பெட்டிகளில் மண்ணை நிரப்பிப் பக்கத்துத் தண்டவாளத்தில் நிரந்தரமாக நிறுத்தி, அவற்றையே காற்றுத் தடுப்புச் சுவராக வைத்திருக்கிறார்கள். இந்த வளைவின் ஆரம் சுமார் 175 மீட்டர். ரயில்காரர்கள் கணக்கில் இது மிகக் கூர்மையான வளைவு. எச்.ஓ.வில் இது 2 மீட்டர் ஆரம். ஆக, ரயில் அரைவட்டம் போட்டுத் திரும்ப 4 மீட்டர் அகலம் வேண்டும். மலைப்பாதையின் மிக மோசமான வளைவே வீட்டுக்குள் அடங்காத அளவுக்குப் பெரிசு என்றால் மற்றதைப் பற்றி என்ன பேசுவது?

அதனால் எல்லோரும் எங்கோ ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கிறார்கள். ஏதர்ன் கம்பெனி 85 அடிப் பெட்டியை 72 அடியாகச் சுருக்கி விற்றது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் மரியாதைக்காக வாயைத் திறக்கமாட்டார்கள். சிலர் பதினொரு பெட்டியை ஆறாகக் குறைப்பார்கள். இன்னும் சிலர் எச்.ஓ.வையே விட்டுவிட்டு, அதைவிடப் பொடியான என் அளவுக்குப் போய்விடுவார்கள். அதில் முழு ஸெஃபிரும் ஒரு சாப்பாட்டு மேஜையின் நீளத்தில் அடங்கிவிடும். கண்ணாடியை மாற்றவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நம் பெரியவர் எதற்கும் சம்மதிக்கவில்லை. பதினொரு பெட்டி, 85 அடி, 1962. இதில் ஒன்றைக் குறைத்தாலும் அது தான் ஏறிப்போன ரயில் இல்லை என்கிறார். பிடிவாதம்தான். ஆனால் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

பெட்டிகளை வாங்கிவிடலாம். ஆனால் வாங்கிய பெட்டி காலியாக இருக்கும். கண்ணாடிக் கூரை வழியாக உள்ளே எல்லாம் தெரிகிற ரயிலில் ஒரு ஆள்கூட இல்லாமல் ஓட்டினால் பேய் ரயில் மாதிரி இருக்கும். ஜெர்மனியின் ப்ரைஸர் கம்பெனி விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய மனிதர்களைச் செய்து விற்கிறது. சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் அவர்களின் கால் நுழையாது. அதனால் பொடி பிளேடால் முட்டிக்குக் கீழே வெட்டிவிட்டுத்தான் உட்காரவைக்கவேண்டும். கேட்கக் கொடூரமாக இருக்கிறது, ஆனால் எல்லோரும் செய்வது இதுதான். ஐந்து டோம்களிலும் 120 பேர். மாலை நேரங்களில் ஐந்தாறு பேராக வெட்டி, பெயிண்ட் அடித்து, ஒட்டி... இரண்டாவது டோமில், முன்வரிசையில், நீலச் சட்டை போட்ட ஒரு அம்மாவும் பக்கத்தில் ஒரு பொடியனும். அந்த ரெண்டு பேரை மட்டும் மூன்று தடவை பிய்த்தெடுத்துத் திரும்ப ஒட்டினார். அம்மா மலையைப் பார்க்கிற மாதிரி தலை திரும்பியிருக்க வேண்டுமாம்.

ரயிலைச் செய்துவிட்டால் சும்மா சுற்றிச் சுற்றி ஓட்டுவதும் இவர்களுக்குப் பிடிக்காது. மாதத்தில் ஒரு நாள் நண்பர்கள் கூடுவார்கள். ஒருவர் டிஸ்பேச்சர், மற்றவர்கள் டிரைவர்கள். சுவரில் ஒரு கடிகாரம். அது நிஜத்தைவிட ஆறு மடங்கோ பன்னிரண்டு மடங்கோ வேகமாக ஓடும். ஊர்களுக்கு நடுவில் இருக்கும் தூரத்தைச் சுருக்கிவிட்டதால் நேரத்தையும் சுருக்குகிறார்கள். சரக்கு ரயிலுக்குப் பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆனால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஸெஃபிர் வருகிறது என்றால் கதையே வேறு. எல்லாச் சரக்கு ரயில்களும் லூப் லைனில் ஒதுங்கி நிற்கவேண்டும். பாயிண்டை மாற்ற மறந்தவர் அன்றைக்கு மாட்டினார். ஒரு அட்டவணைத் தாள், ஒரு பொய்க் கடிகாரம், இவற்றை வைத்துக்கொண்டு ஆறு பெரிய மனிதர்கள் வேர்த்து விறுவிறுத்துப் போவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் பார்த்தால் சிரிப்பு போய்விடும். மலையடியில் 10 கிலோமீட்டர் போகும் மொஃபட் சுரங்கம், இங்கே சுவரில் ஒரு ஓட்டை. ரயில் அதற்குள் மறைந்து, அந்தப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத யார்டில் போய் நிற்கும்.

நிஜ ரயில் இவ்வளவு அதிர்ஷ்டசாலியாக இல்லை. நெடுஞ்சாலைகள் வந்தன, ஜெட் விமானங்கள் வந்தன. 1967-ல் தபால்துறை ரயில்களிலிருந்து தபாலை எடுத்துக்கொண்டது, அமெரிக்கா முழுக்கப் பயணிகள் ரயில்களைத் தாங்கிப் பிடித்திருந்த வருமானம் போனது. ஸெஃபிர் 1970 மார்ச்சில் நின்றது. 21 வருஷம். அடுத்த வருஷம், 1971 மே 1-ல், மிச்சமிருந்த ரயில்களில் ஒரு பகுதியை ஆம்ட்ராக் எடுத்துக்கொண்டது. ரியோ கிராண்டே அதில் சேராமல், தன் மலைப்பாதையில் டோம் பெட்டிகளோடு ஒரு ரயிலை 1983 வரை தனியாக ஓட்டியது. அதற்கப்புறம் ஆம்ட்ராக் அதே மலைப்பாதைக்கு வந்து, பழைய பெயரையும் எடுத்துக்கொண்டது. கலிஃபோர்னியா ஸெஃபிர் என்ற பெயரில் இரட்டைமாடி ரயில் ஒன்று இன்றும் பிக் டென்னில் ஏறுகிறது. டோம் கிடையாது. பழைய பெட்டிகள் சில மியூசியங்களில் இருக்கின்றன, கலிஃபோர்னியாவின் போர்ட்டோலாவில் ஃபெதர் நதிப் பாதையிலேயே சில நிற்கின்றன.

மாதிரி ரயில்களுக்கும் ஆயுசு கெட்டியில்லை. கலிஃபோர்னியாவின் மாண்டரேயில் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் தரையிலிருந்து கூரைவரை மலைகளைக் கட்டி ஒரு ரயில் பாதை செய்திருந்தார். இந்தப் பொழுதுபோக்கில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். ஏறக்குறைய பத்து நாளில் வீட்டில் தீப்பிடித்து எல்லாம் போய்விட்டது. அவர் எடுத்த படங்கள் மட்டும் மிஞ்சின. மற்றவர்களுக்குத் தீகூடத் தேவையில்லை. பிள்ளைகள் வீட்டை விற்பார்கள், வாங்குகிறவர் நிலவறையில் டிவி வைப்பார். மேஜையோடு அறைந்து, சுவரோடு ஒட்டிய மலையை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. டென்வர் பெரியவருக்கு இது தெரியும். மகளிடம் ஒருநாள் பெட்டிகளை மட்டும் பழைய அட்டைப்பெட்டிகளில் போட்டு வை, மற்றதை உடைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். மகள் அந்தப் பேச்சை அப்போதே மாற்றிவிட்டாள்.

இப்போதைக்குப் பிரச்சினை வேறு. ரயில் டென்வர் யூனியன் ஸ்டேஷனிலிருந்து கிளம்பி, மலையடிவாரம் வரை வந்து, அங்கேயே நிற்கிறது. பிக் டென்னைச் சுருக்காமல், முழு 2 மீட்டர் ஆரத்தில் போடுவது என்று முடிவாகிவிட்டது. நிலவறையில் அதற்கு ஒரே ஒரு மூலைதான் இருக்கிறது. அங்கே துணி துவைக்கும் மெஷின் இருக்கிறது. அதை எங்கே நகர்த்துவது என்று வீட்டம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.