‘அவர்’ என்னும் சொல்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளின்மேல் அமைந்த கொல்லிமலை, வல்வில் ஓரியின் கொடையால் புகழ்பெற்றது. கொடையுள் இன்சொல்லும் ஒன்று. அதனை நாள்தோறும் வழங்கத்தக்க இடம் நூலகம்.

மலையூர் நூலகம் ஒன்றிற்கு ஒருவர் நூல் நாடி வருகின்றார் என்க. பணியாளர் தோற்றத்தை மட்டும் நோக்கி, ‘ஐயா’ என விளிக்கின்றார். வந்தவரோ திருநங்கை. அருகிருப்போர் நகைக்கின்றனர். அவர் நூல் பெறாமலே திரும்புவாராயின், பிழை யாருடையது? ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்’ என 1931ஆம் ஆண்டில் நூலகவியல் அறிஞர் அரங்கநாதன் வகுத்த நெறி அங்கே தவறுகின்றதன்றோ!

இப்பிழையைக் களைதல் அரிதன்று. பிறப்பில் ஆணெனக் கருதப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண்ணெனக் கருதப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இவர்களைப் பொதுவாகத் திருநர் என்பர். சென்னை உயர்நீதிமன்றத்தின் அறிவுறுத்தலையொட்டி, இத்தகைய சொற்களின் தொகுப்பைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் அரசிதழில் வெளியிட்டது. நூலகப் பணியாளர் இதனைக் கற்றல் நலம்.

கற்றபின்னும் ஐயம் எழலாம். அப்பொழுது, ‘தங்களை எவ்வாறு அழைத்தல் வேண்டும்?’ எனத் தாழ்ந்த குரலில் வினவுதலே பண்பு. வினவ இயலாவிடத்து ‘அவர்’ எனலே சாலும். ‘அவன்’, ‘அவள்’ என்பன பால் பிரிப்பன. ‘அவர்’, ‘தாங்கள்’ என்பனவோ பால் பிரியாமல் மதிப்பையும் உணர்த்துவன. வேற்று மொழியினர் சிலர் இன்று தேடும் சொல் தமிழர் நாவில் முன்னரே உள்ளது.

தொல்காப்பியரும் இத்தகையோரைக் குறிக்கும் சொற்கு உயர்திணைக்கண்ணேயே இலக்கணம் வகுத்தார். இலக்கணம் உயர்திணையில் வைத்தோரை, நாவினால் தாழ்த்துதல் தகுமோ?