சிலந்தி நூலும் இரண்டு குவிலென்சுகளும்

'குவிலென்சு, குழிலென்சு: வேறுபடுத்துக.' பள்ளித் தேர்வுகளில் தவறாமல் வரும் வினா இது. நடுவே கோடு கிழித்து, ஒருபுறம் 'மெய்பிம்பம்', மறுபுறம் 'மாயபிம்பம்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த ஒரு வரிக்குள் வானியலின் ஒரு திருப்பம் இருக்கிறது என்பதை எந்த விடைக்குறிப்பும் சொல்வதில்லை.

சிறுவயதில் வந்த பெரியம்மை யோகன்னஸ் கெப்ளரின் பார்வையைக் கெடுத்தது. கிட்டப்பார்வை ஒன்று, தொலைவிலுள்ள ஒரு பொருள் பலவாகத் தெரியும் குறை மற்றொன்று. பிராகாவில் பேரரசரின் கணிதராக இருந்தவரின் கண்கள் இவை. ஐரோப்பாவில் மூக்குக்கண்ணாடி புழக்கத்துக்கு வந்து முந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் முதியவருக்குக் குவிலென்சும் கிட்டப்பார்வையருக்குக் குழிலென்சும் ஏன் உதவுகின்றன என்பதை 1604இல் வெளிவந்த கெப்ளரின் நூலே சரியாக விளக்கியது. பிம்பம் விழித்திரையில், அதுவும் தலைகீழாக, விழுகிறது. கிட்டப்பார்வையில் கதிர்கள் திரையை எட்டுமுன்பே கூடிவிடுகின்றன. நடுவில் மெலிந்த குழிலென்சு அவற்றைச் சற்று விரித்து அனுப்புகிறது. முதுமையில் கதிர்கள் கூடத் தாமதிக்கின்றன; நடுவில் தடித்த குவிலென்சு அவற்றை முன்கூட்டியே நெருக்கிவிடுகிறது.

1610இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கலீலியோ அறிவித்தபோது ஐயுற்றோர் பலர். கெப்ளர் ஆதரித்து எழுதினார். தமக்கும் ஒரு தொலைநோக்கி வேண்டுமென்று கேட்டார். பிரபுக்களுக்குச் சென்ற கருவி அவருக்கு மட்டும் வரவில்லை. கலீலியோவின் பெருமைக்குச் சற்றும் பொருந்தாத கஞ்சத்தனம் இது. கடைசியில் கோல்ன் இளவரசரிடமிருந்த கருவி ஏறத்தாழப் பத்து நாள் இரவலாகக் கிடைத்தது.

அக்கருவியின் முன்புறம் குவிலென்சு, கண்ணருகே குழிலென்சு. குவிலென்சு கூட்டிவரும் கதிர்கள் ஒரு புள்ளியில் சேருமுன்பே குழிலென்சு அவற்றை மறித்து விரித்துவிடும். காட்சி நேராகத் தெரியும்; ஆனால் குழாய்க்குள் எங்கும் பிம்பம் உருவாவதில்லை. பார்வைப் பரப்பும் குறுகலானது. நிலவைக்கூட முழுமையாக ஒருசேரக் காண இயலாது.

1611இல் அச்சான 'டயாப்ட்ரிஸ்' நூலில் கெப்ளர் வேறொரு வழி சொன்னார்: கண்ணருகேயும் குவிலென்சே இருக்கட்டும். கதிர்கள் குழாய்க்குள்ளேயே கூடி மெய்பிம்பமாகட்டும். அதை இரண்டாவது லென்சு பெரிதாக்கிக் காட்டட்டும். பரப்பு விரியும், காட்சி தலைகீழாகும். விழித்திரையிலேயே உலகம் தலைகீழாக விழுவதைக் கண்டவருக்கு அது பெருங்குறையாகத் தோன்றியிராது. அதே ஆண்டில் அவருடைய ஆறு வயது மகன் பெரியம்மையால் இறந்தான். சில மாதங்களில் மனைவியும் மறைந்தார். அந்தத் தொலைநோக்கியை அவர் செய்து பார்க்கவில்லை, பிறர் செய்தனர்.

1640 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்கோய்ன் என்ற இளைஞர் இரண்டு குவிலென்சுகளைக் கொண்டு சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்தார். திறந்து கிடந்த குழாய்க்குள் ஒரு சிலந்தி நூலிழுத்திருந்தது. பிம்பம் விழும் இடத்திலேயே அந்நூல் அமைந்திருந்ததால் சூரியனும் நூலும் ஒருசேரத் துல்லியமாகத் தெரிந்தன. கண்ணருகே குழிலென்சு இருந்திருந்தால் அந்நூல் தெளிவாகத் தெரிந்திராது. காஸ்கோய்ன் நூலுக்குப் பதிலாக, திருகாணியால் நகரும் இரண்டு விளிம்புகளை அவ்விடத்தில் பொருத்தி, நிலவின் அகலத்தை அளக்கத் தொடங்கினார்.