ஒரு துண்டுச் சீட்டின் விலை

வவுச்சர் இல்லாத செலவைக் கணக்கில் ஏற்றாதே என்பது எங்கள் பி.காம். வகுப்பின் பால பாடம். மக்களே, இங்கிலாந்தில் 2013-இல் வந்த பர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட் என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கும் இது பொருந்தும்.

தபாலில் வரும் கேள்விப் படிவத்தை, அது அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். தக்க காரணமில்லாமல் தவறினால் விண்ணப்பமே தள்ளுபடி ஆகலாம்! கூடவே வரும் உறைக்குத் தபால்தலை வேண்டாம். ஆனால் தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் போட்டால், அனுப்பியதற்குச் சாட்சி இல்லை. தபால் நிலையக் கவுன்டரில் கொடுத்தால் அத்தாட்சிச் சீட்டு இலவசம். முன்னதாக எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வையுங்கள்.

நடக்க முடியாதவரைக் கவுன்டர் வரை நடக்கச் சொல்வதா? நியாயமான கேள்விதான். அவருக்காக யாரும் போகலாமே! பக்கத்து வீட்டு மாணவரின் பத்து நிமிடம், ஒருவரின் பிழைப்பைக் காப்பாற்றும்.